ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிய கதை

பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, பெட்டிக்குள் இரண்டு துவாய்களால் சுற்றி ஒரு ரெக்கோட் பிளேயரைக் கொண்டுவந்து தந்தார். அங்கே யாரோ வேண்டாமென்று வாசலில் வைத்துவிட்டுப் போன, பெல்ட்டில் ஓடும் பழைய யப்பானியப் பொறி அது. 120 வோல்ட் என்று அடித்தகட்டில் எழுதியிருந்ததால், கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சிறிய ட்ரான்ஸ்போமர் வாங்கி, நம்முடைய 230 வோல்ட்டை அதற்கு ஏற்றபடி குறைத்து, ஒரு கர்நாடக சங்கீத எல்.பி. இசைத்தட்டை வைத்து ஊசியை இறக்கினேன். தட்டில் பாடியவர் ஒரு பெண்மணி. அறையில் ஒலித்ததோ தூக்கம் கலையாத ஓர் ஆணின் குரல்.

குசினிக்குள் இருந்த அம்மா, "ஆரடா இது பாடுறது, ஆம்பிளையோ?" என்று கேட்டார். வெளியே வந்து உறையைப் பார்த்தவர், "ஐஞ்சு கட்டையில பாடுறவவை மூண்டு கட்டையில பாட வைச்சிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கட்டை என்பது பாடுபவரின் சுருதி உயரத்தைச் சொல்லும் அளவு. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவரின் காது அது. பிறகு நான் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, சுருதி மூன்று அரைச்சுரங்களுக்குச் சற்று அதிகமாகவே இறங்கியிருந்தது; அதாவது ஐந்து கட்டை ஏறத்தாழ மூன்று கட்டையாகத்தான் கேட்கும்.

பிழை வோல்ட்டில் இல்லை, சுழற்சியில் இருந்தது. இத்தகைய பழைய பிளேயர்களின் மோட்டார், வீட்டு மின்சாரத்தின் அலைவு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் சுழலும். கனடாவிலும் அமெரிக்காவிலும் அது நொடிக்கு 60, இலங்கையில் 50. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர அலைவு எண்ணைத் தொடாது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றவேண்டிய தட்டு, இங்கே 27.8 முறைதான் சுற்றிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு உறவினரிடமிருந்து இப்படியொரு பொறியைப் பெற்ற எத்தனை வீடுகளில், பொறி பழுது என்று முடிவுகட்டி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருப்பார்களோ தெரியாது. எனக்குத் தெரிந்தே இரண்டு வீடுகள் உண்டு.

இதைச் சரிசெய்வதற்கு மோட்டாரின் தண்டில் இருக்கும் பித்தளைக் கப்பியை ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் பெரிதாக்கவேண்டும். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள் லேத் வைத்திருக்கும் நானாவிடம் அந்தக் கப்பியைக் கொண்டுபோனேன். சின்னிவிரல் நுனியளவு சாமான். 33-க்கு ஒரு படி, 45-க்கு அதைவிடப் பெரிய இன்னொரு படி. லொறிகளின் தண்டுகளைக் கடைந்து பழகிய அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, தையல் மெசின் சாமானா?" என்றார். பாட்டுப்பெட்டி என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவருடைய வாப்பாவிடமும் ஒன்று இருந்ததாம். வேர்னியரால் அளந்து, நான் சொன்ன விகிதத்தில் பெருக்கி, ஒரு பித்தளைக் கோலில் அரை மணித்தியாலத்தில் புதிய கப்பியைக் கடைந்து தந்தார்.

வீட்டுக்கு வந்து பொருத்திய பின்னும் வேகம் ஒரு மயிரிழை குறைவாகவே இருந்தது. இதைக் காதால் கண்டுபிடிக்க அம்மாவாலும் முடியவில்லை, கண்ணால் கண்டுபிடித்தேன். வட்டமான கடதாசியில் 180 கறுப்புக் கோடுகளை ஆரைகள்போல வரைந்து தட்டின்மேல் வைத்து, பழைய சோக் பூட்டிய டியூப் லைட்டின் கீழே சுழல விட்டால், வேகம் சரியாக இருக்கும்போது அந்தக் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். ஏனெனில் நம்முடைய மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு நூறு முறை மின்னுகிறது. வேகம் குறைந்தால் கோடுகள் பின்னோக்கி நகரும். புதிய எல்.ஈ.டி. விளக்குகளில் பெரும்பாலும் இந்த வித்தை பலிக்காது. எங்கள் வீட்டில் மாற்றப்படாமல் மிஞ்சியிருந்த ஒரேயொரு டியூப் லைட் குசினியில் இருந்ததால், பிளேயரை அங்கேதான் தூக்கிக்கொண்டு போனேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் கோடுகள் மெல்ல மெல்லப் பின்னால் ஊர்ந்தன.

தவறு என்னுடையதுதான். பெல்ட் கப்பியைச் சுற்றிப் போகும்போது அதனுடைய தடிப்பும் விட்டத்தில் சேரும் என்பதைக் கணக்கில் எடுக்காமல், வெறும் பித்தளையின் விட்டத்தை மட்டும் பெருக்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது முறை நானா மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு கூட்டிக் கடைந்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிரவு குசினியில் 180 கோடுகளும் நின்றன.

இசைத்தட்டுகளின் மறுவருகை என்று உலகம் முழுவதும் பேசப்படுவதை நான் இந்தக் கப்பியின் வழியாகத்தான் புரிந்துகொள்கிறேன். மேற்கில் அது ஒரு வியாபாரம், நிறைவான வியாபாரமும்கூட. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு 41 மில்லியன் வைனல் தட்டுகள் விற்றன, சீ.டி.க்கள் 33 மில்லியன்தான். எண்ணிக்கையில் தட்டு சீ.டி.யை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. டெக்னிக்ஸ் நிறுவனம் 2010-இல் உற்பத்தியை நிறுத்திய தன்னுடைய புகழ்பெற்ற எஸ்.எல்.-1200 பிளேயரை 2016-இல் திரும்பவும் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொழும்பில் அப்படியில்லை. புதிதாக அச்சிட்ட தட்டு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், தபாற்செலவும் தீர்வையும் சேர்ந்து அதன் விலையை எங்கோ கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே இங்கே மறுவருகை என்பது பழையதைத் தேடுவது, கழுவுவது, கடைவது, ஒட்டுவது. நாங்கள் சேகரிப்பாளர்கள் என்று சொல்லிக்கொண்டாலும் முக்கால்வாசி நேரம் திருத்துவேலைக்காரர்கள்தான்.

வைனலில் ஒலி நல்லது, டிஜிட்டலில் அந்த வெதுவெதுப்பு இல்லை என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, ஆனால் உடன்படுவதும் இல்லை. தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு அரை மீற்றர் தவாளிப்பு, அதாவது ஒலி பதிந்த பள்ளம், ஓடும். உள்ளே லேபலுக்கு அருகில் போகப்போக அது இருபது சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான இடத்துக்குள் நெருக்குவதால், ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ' ஓசைகள் கரகரக்கும். இது எந்த விலையுயர்ந்த ஊசியாலும் முழுவதுமாகத் தீராத குறை, வடிவத்திலேயே இருப்பது. நான் தட்டைத் தேடுவது ஒலிக்காக அல்ல. தட்டில் ஒருவர் அதை எப்படிக் கேட்டார் என்பது பதிந்திருக்கிறது. கைப்பேசியில் அது பதிவதில்லை.

ஓர் உதாரணம். 1963-இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாத எல்.பி. கொழும்பில் ஏறக்குறைய எல்லாப் பழைய தமிழ் வீடுகளிலும் கிடைக்கும். என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன. மூன்றிலும் சுப்ரபாதத்தின் முதல் சில நிமிடங்கள் சாம்பல் நிறத்தில் தேய்ந்து, மழை பெய்வதுபோல இரைகின்றன. மறுபக்கத்தின் கடைசிப் பகுதியோ கடையிலிருந்து நேற்று வந்ததுபோலக் கறுத்து மினுங்குகிறது. விடிய எழும்பி ஊசியை வைத்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் அவசரத்தில் அதைத் திருப்பிப் போட ஒருநாளும் வரவில்லை.

என்னிடம் உள்ளவற்றில் ஏறத்தாழ எல்லாமே இந்தியாவில், பெரும்பாலும் கல்கத்தாவின் டம் டம் தொழிற்சாலையில் அச்சானவை. அவற்றை இங்கே கேட்க வைத்தது வானொலி. 1925-இல் கொழும்பு வானொலியாகத் தொடங்கி, 1949-இல் ரேடியோ சிலோன் என்று பெயர் மாறி, 1967-இல் கூட்டுத்தாபனமாகிய அந்த நிலையத்துக்கு இந்திய அரசே ஒரு பெரிய உதவி செய்தது: 1952-இல் அமைச்சர் கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினார்கள். தென்னிந்தியாவில் படம் எடுத்தவர்கள் தங்கள் பாடல் ஒலிக்கவேண்டும் என்பதற்காகத் தட்டுகளைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். நிலையத்தின் நூலகத்தில் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளான 78-கள் பல்லாயிரக்கணக்கில் சேர்ந்தது அப்படித்தான். கே. எஸ். ராஜாவின் வேகத்தையும் பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அறிவிப்பாளர் பேசி முடித்து ஊசி விழும் அந்த 'கிறிக்' ஓசையும் பாட்டின் ஒரு பகுதியாகவே மனதில் இருக்கும்.

வீடுகளில் இருந்தவற்றின் கதை வேறு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டுப் போனால், ஒரு தலைமுறைக்கு மேற்பட்டவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே விடை: "எண்பத்துமூண்டில போட்டுது." அந்த ஆண்டின் ஆடிக் கலவரத்தைப் பற்றி அதற்குமேல் அவர்கள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. தப்பியவை 1977-க்குப் பிறகு இறக்குமதி திறந்து கசற் பிளேயர்கள் வந்து குவிந்தபோது வேண்டாப் பொருளாகி, போத்தல் கடதாசிக்காரரிடம் நிறுத்துப் போயின. 78 ரெக்கோட் நல்ல பாரம். ஆகவே நல்ல விலை போயிருக்கும்.

78-ஐப் பற்றிச் சொல்லும்போது என் மடத்தனம் ஒன்றையும் சொல்லவேண்டும். அவை வைனல் அல்ல. கல்மாவும் கரியும் கலந்த ஷெல்லாக். ஷெல்லாக் என்பது மரங்களில் ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசின், நம்முடைய அரக்குத்தான். பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையும் அந்தச் சரக்குத்தான். மருதானையில் வாங்கிய ஒரு தட்டில் பூஞ்சணம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. எல்.பி.களைத் துடைக்கும் பழக்கத்தில், பார்மசி ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை அதன்மேலும் இழுத்தேன். பஞ்சு கறுத்துப்போய்ப் பிசுபிசுத்தது. தட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் தவாளிப்பே இல்லாமல் மழமழவென்று ஒரு பாதை. அரக்கு மதுசாரத்தில் கரையும் என்பதை மரவேலை செய்யும் எந்தப் பொடியனும் சொல்லியிருப்பான், ஏனென்றால் தளபாடங்களுக்கு மெருகு பூசுவதே அப்படிக் கரைத்துத்தான். சிங்களத்தில் 'அரக்கு' என்றால் சாராயம். தமிழ் அரக்கைச் சிங்கள அரக்கு கரைத்துவிட்டது என்று ஒரு சிங்கள நண்பரிடம் சொன்னபோது, அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. தட்டு போனது போனதுதான்.

அதற்குப் பிறகு 78-களுக்கு வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் மட்டும். லேபல் நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. எல்.பி.களை நிமிர்த்தி அடுக்குகிறேன், ஒன்றன்மேல் ஒன்றாக ஒருபோதும் வைப்பதில்லை. வெள்ளவத்தையில் கடற்காற்றில் குடியிருப்பவனுக்கு வைகாசி முதல் புரட்டாதி வரை பூஞ்சணத்தோடுதான் சீவியம்; அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தது, நான் வாங்கிய எல்லா மருந்துகளையும்விடப் பயன் தந்தது. 78-க்கு என் ரொறன்ரோப் பொறி உதவாது. வேகமும் இல்லை, ஊசியும் பொருந்தாது, எல்.பி. ஊசி 78-இன் அகன்ற தவாளிப்பின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் அள்ளும். அதற்கென்று திருப்பு ஊசி உள்ள பழைய பிளேயர் ஒன்று வைத்திருக்கிறேன்: ஒரு பக்கம் 78, திருப்பினால் எல்.பி.

நம்முடைய கடைகளில் இப்போது கைப்பெட்டி வடிவத்தில் வரும் மலிவான பிளேயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்க அழகு, பரிசுக்கு நல்லது. நல்ல பிளேயர் ஒன்றரை, இரண்டு கிராம் அழுத்தத்தில் ஊசியை வைக்கும்போது, நான் தராசு வைத்துப் பார்த்த ஒன்று ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தியது. அறுபது வருடம் தப்பிவந்த தட்டை அதில் போடுவது கோழிக்குஞ்சைப் பருந்திடம் கொடுப்பதுபோல. இதைச் சொன்னால் இளையவர்கள் மனம் நோகிறார்கள், நோகட்டும்.

கையால் சாவி கொடுக்கும் கிராமபோன்காரர்களுக்கு 2022 ஒரு பொற்காலம். அந்த வருடம் பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஒருவர் தன்னுடைய பெட்டியை விறாந்தையில் வைத்து ஸ்பிரிங்கை முறுக்குவார். மூன்று நிமிடத்துக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு புதிய உருக்கு ஊசி. கைப்பேசிகளெல்லாம் செத்துக்கிடந்த இருட்டில், மின்சாரமே வேண்டாத அந்தப் பெட்டியைச் சுற்றிக் கதிரைகள் தாமாகவே வந்துசேர்ந்தன.

கசற்றும் திரும்பி வருகிறது என்கிறார்கள். அதில் எனக்குப் பெரிய ஆவல் இல்லை. நாடா பூஞ்சணம் பிடிக்கும், பிளேயரின் றப்பர் பெல்ட் தார்போல உருகிக் கையில் ஒட்டும். ஆயினும் காலி வீதியின் ரெக்கோடிங் பார்களில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்து, ஒரு கிழமை கழித்துப் பதிந்து வாங்கிய தொண்ணூறு நிமிட நாடாக்களை எறிய மனமில்லை. அவற்றில் ஒன்றின் பி பக்கத்தில், பாட்டுகளின்மேல் பதிந்து, சித்தப்பா சுவிஸிலிருந்து பேசி அனுப்பிய கடிதம் இருக்கிறது. உடைந்த பதிவுத்தடுப்பின் ஓட்டையை மடித்த கடதாசியால் அடைத்து அவர் பேசியிருக்கிறார்; அந்தக் கடதாசி இப்போதும் அதிலேயே இருக்கிறது.

கடைசியாக, கொஞ்சக் காலமாக என்னைப் பிடித்தாட்டும் ஒரு விடயம். மருதானையில் வாங்கிய இன்னொரு 78-இன் லேபலில், நீல மையில் ஒரு சிறிய வட்டத்துக்குள் 17 என்று எழுதியிருந்தது. ஒருவருடைய சேகரிப்பு இலக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த வருடம், புறக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் விரித்திருந்த சாக்கில், 45 வேகத்தில் ஓடும் திரைப்பாட்டு ஈ.பி. ஒன்று கிடைத்தது: அதே வட்டம், அதே மை, ஏழின் நடுவில் அதே குறுக்குக்கோடு. இலக்கம் 37. பிறகு நுகேகொடையில் ஒரு சிங்கள நண்பரின் மாமா வீட்டைக் காலிசெய்தபோது, 61 என்ற இலக்கத்துடன் ஓர் எல்.பி. அரக்கிலிருந்து வைனலுக்கும், மூன்று நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்கும் ஒரே வீடு நகர்ந்து போயிருக்கிறது. மாமா அந்தத் தட்டை எழுபதுகளில் வாங்கியதா, பிறகு யாரிடமாவது வந்ததா என்று கேட்டேன். அவர் ஞாபகமில்லை என்றார். ஞாபகமில்லாமலே இருந்திருக்கலாம்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் 64 கிடைத்தது. அதன் விளிம்பில் ஓர் இடம் அலைபோல வளைந்திருக்கிறது, வெயிலில் கிடந்ததா வேறு சூட்டிலா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. முதற்பாட்டில் ஊசி அந்த இடத்தில் ஏறி இறங்கிப் போகிறது, ஆனால் தவறி விழவில்லை. நான்கையும் அலுமாரியில் ஒன்றாக, இடையில் வெறும் உறைகள் விட்டு அடுக்கியிருக்கிறேன். 65 என்று ஒன்று இருந்ததா என்று பார்க்கவேண்டும்.